அறுபத்து மூன்று சதவீதம்

தாரகைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் கூடும். அவள் மேற்பார்வை பார்க்கும் ஈரோட்டு மஞ்சள் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இது அத்துப்படி. வெறும் "வாங்க, போங்க" என்றால் பிழைத்தோம். "கொஞ்சம் இப்பிடி உக்காருங்களேன்" என்றால் அன்றைக்குத் தொலைந்தோம். நினைவு மையத்தில் வேலை பார்த்த கிரிதரனுக்கு இந்த விஷயம் தெரியாது. அதனால் திங்கட்கிழமை காலை, "கொஞ்சம் இப்பிடி உக்காருங்களேன் தம்பி" என்று அவள் சொன்னதும் சிரித்த முகத்தோடு எதிரே உட்கார்ந்தான்.

"என்ற தலைல எடமில்லைன்னு சொல்றீங்க."

"ஆமாங்க்கா. நெறஞ்சிருச்சு. பெரிய சில்லு மாத்திக்கிட்டா..."

"பதினெட்டு வருசத்துக்குக் கவலையில்லைன்னு சொல்லித்தானுங்க இதத் தெச்சு விட்டீங்க. ஆறு வருசந்தானுங்க ஆச்சு."

ஆறு வருடத்துக்கு முன்னால் பெருந்துறை சாலையில் பேருந்துப் படியிலிருந்து விழுந்தாள் தாரகை. எலும்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. காலையில் தின்ற இட்லி மதியத்துக்கு நினைவில்லை. அப்போதுதான் காப்பீட்டுத் திட்டத்தில் வலது காதுக்குப் பின்னால் இந்தச் சில்லை வைத்தார்கள். அதன் பிறகு அவள் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் மூளையில் இல்லை, அந்தச் சில்லில்தான் இருக்கிறது.

சில்லு நிரம்பிவிட்டால் அது யாரையும் கேட்பதில்லை. இருப்பதிலேயே பழைய நாளை அழித்துவிட்டு இன்றைய நாளை அங்கே வைக்கும். முதலில் போனவை ஆஸ்பத்திரி நாட்கள். அவை போனது அவளுக்குத் தெரியவே இல்லை. தெரிந்திருந்தாலும் அழுதிருக்க மாட்டாள். இன்று காலை மகள் இனிகாவுக்குத் தலை பின்னும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அம்மா, நான் மொத நாள் பள்ளிக்கூடம் போனப்ப என்ன கலர் ரிப்பன் கட்டியிருந்தேன்?"

ஒன்பது வயதுப் பிள்ளையின் வழக்கமான கேள்விதான். ஏதாவது ஒரு நாளைச் சொல்லி, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பாள். தாரகை கண்ணை மூடி அந்த நாளைப் பார்த்துச் சொல்வாள். ஊரில் எந்த அம்மாவுக்கும் இல்லாத வித்தை தன் அம்மாவிடம் இருப்பதாக இனிகாவுக்குப் பெருமை. இன்று தாரகை கண்ணை மூடினாள். ஒன்றுமில்லை. "எங்கம்மாவையும் இங்கயே சேத்துக்குங்க" என்று டீச்சரிடம் இனிகா கேட்டது தெரியும். அதைப் பலபேரிடம் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. ஆனால் நடந்ததைக் காணோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிய கதை போல இருந்தது.

"செவப்புதான் கண்ணு," என்று பொய் சொல்லிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள்.

"உங்க மொபைல்ல ஒரு ஏற்பாடு பண்ணித் தர்றேங்க்கா," என்றான் கிரிதரன். "தினம் எந்த நாள் போச்சுன்னு செய்தி வரும்."

"ரொம்ப நல்லதுங்க தம்பி. எழவு விழுந்தா ஆள் விட்டுச் சொல்ற மாதிரி." தாரகை நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள். "எங்க கிடங்கு நெறஞ்சா மொதல்ல என்ன பண்ணுவோம் தெரியுங்களா? எந்த அடுக்குல எத்தனை மூட்டை, யாரு மூட்டைன்னு லிஸ்ட் எடுப்போம். புதுக் கிடங்கு கட்டற பேச்செல்லாம் அதுக்கப்பறந்தான். லிஸ்ட் எடுங்க."

கிரிதரனின் சிரிப்பு நின்றது. அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"இத்தனை வருசத்துல யாரும் லிஸ்ட் கேட்டதில்லீங்க்கா."

"நான் கேக்கறேனுங்க."

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். திரையை அவள் பக்கம் திருப்பினான். அவளுடைய ஆறு வருடம், இனிகாவும் கிடங்கும் மாதத்தில் பாதி நாள் லாரியோடு வடக்கே போய்விடும் கணவனும் எல்லாம் சேர்த்து, முப்பத்தொரு சதவீதம். சில்லு ஓடுவதற்கென்று ஆறு. மிச்சம் அறுபத்து மூன்று சதவீதத்துக்கு நேரே 'அடிப்படை' என்று மட்டும் போட்டிருந்தது.

"அடிப்படைன்னா என்னுங்க?"

"அது எல்லாத்துக்கும் உள்ளதுங்க்கா. நீங்க கையெழுத்துப் போட்ட படிவத்துலயே ஒரு வரி..."

"படிவம் எனக்கு நெனப்பில்லீங்க. எதுவும் மனசுல தங்காத ஆளுகிட்டத்தானுங்க கையெழுத்து வாங்கியிருக்கீங்க. என்ன ஒரு தோதான ஏற்பாடுங்க தம்பி இது."

கிரிதரன் மேசையில் இருந்த பேனாவை எடுத்தான், வைத்தான். பிறகு சொன்னான்.

"ஒருத்தர் மூளைக்குத் தக்கன சில்லப் பழக்கறதுக்கு நாலு நாள் ஆகுங்க. அந்த வருசம் மார்ச்சு முப்பத்தொண்ணுக்குள்ள நானூத்திப் பன்னெண்டு பேருக்கு முடிக்கணும்னு கெடு. முடிக்கலைன்னா திட்டமே கைவிட்டுப் போயிரும். அதனால சோதனைக்குன்னு மொதமொதல்ல வெச்ச ஒருத்தரோட சில்லு, ஏற்கெனவே பழகுன சில்லு, அத அப்பிடியே காப்பி எடுத்து எல்லாத்துக்கும் ஏத்திட்டாங்க. சின்னச் சின்னத் திருத்தம் பண்ணுனாப் போதும், ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது."

"செரி. அந்தாளு சரக்கக் காலி பண்ணீட்டுத்தானுங்களே காப்பி எடுக்கோணும்?"

"எடுத்திருக்கணுங்க."

தாரகைக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவள் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது.

"அப்ப என்ற தலைக்குள்ள இன்னொருத்தரு இருக்காரு."

"நாப்பத்தோரு நாளுங்க்கா. சோதனைங்கறதால சலிக்காம பதிஞ்சது. உங்க நாளையெல்லாம் சில்லு சலிச்சு, வேண்டியத மட்டும் வெக்கும். அவரு நாள்ல மூச்சு, வலி, சத்தம் ஒண்ணு விடாம இருக்கு. அதான் அத்தனை எடம். அடிப்படைன்னு பேரு போட்டதால சில்லு அதுல கை வெக்காது."

மார்ச் மாதத்து அவசரத்தைத் தாரகை அறியாதவள் இல்லை. இந்த நாட்டில் பாதிச் சாலைகளும் பாதிக் கட்டடங்களும் மார்ச் கடைசியில் ஓடி ஓடி முடித்தவைதான். அந்த அவசரத்தில் தார் கொஞ்சம் குறையும், சிமெண்டு கொஞ்சம் குறையும். மனிதர்களின் தலைக்குள் ஒரு மனிதனை மறந்து வைத்துவிட்டுப் போவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. யாரோ ஒருவனின் மூச்சைப் பத்திரமாக வைத்துக்கொள்வதற்காகத் தன் பிள்ளை பள்ளிக்கூடம் போன நாள் போயிருக்கிறது.

"எடுங்க அவர. இப்பவே."

"அரை மணி நேர வேலைதாங்க்கா. உங்க கைரேகை மட்டும் வேணும்."

கண்ணாடித் தட்டை அவள் முன் நகர்த்தினான். தாரகை கட்டை விரலை நீட்டினாள். தட்டுக்கு ஓர் அங்குலம் மேலே விரல் நின்றுவிட்டது.

கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. எழுதிய சட்டம் இல்லை, எழுதாததாலேயே யாரும் மீறாத சட்டம். கேட்பாரில்லாமல் எத்தனை வருடம் கிடந்தாலும், வண்டு விழுந்து மூட்டை பொடியாகவே போனாலும், சரக்குக்காரனுக்குச் சொல்லியனுப்பாமல் சரக்கை வெளியே தூக்கக் கூடாது. விலை ஏறட்டும் என்று மூட்டையைப் போட்டுவிட்டுச் செத்துப்போனவர்கள் உண்டு. அவர்கள் வீட்டைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவது பதினோரு வருடமாக இவள் வேலை. அந்தப் பழக்கத்தை மனதுக்குள் நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு விரலை மடக்கிக்கொண்டாள்.

"பேரு என்னுங்க அவருக்கு?"

"செங்கோட்டுவேல். சங்ககிரி. தறி வெச்சிருந்தாரு." திரையைப் பார்க்காமலே சொன்னான் கிரிதரன். "இப்ப இல்லீங்க. நாப்பத்தொண்ணாவது நாள் போயிட்டாரு. சம்சாரம் இருக்காங்க, கோகிலவாணின்னு."

மறுநாள் சங்ககிரிக்குப் பேருந்தில் போகும்போது கைப்பேசி அதிர்ந்தது. 'நீக்கப்பட்ட நாள்: ஜூன் 4.' இனிகாவின் இரண்டாவது பள்ளி நாள். அன்றைக்கு அழுதாளா, சிரித்தாளா, சாப்பாட்டை மிச்சம் வைத்தாளா, இனி யாருக்கும் தெரியாது. இனிகாவுக்கு அப்போது மூன்றரை வயது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் என்னம்மா ஆச்சு என்று கேட்குமளவுக்குத் தாரகையின் முகம் இருந்தது.

கோகிலவாணிக்கு அறுபது வயதிருக்கும். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் உரக்கவே பேசினாள். தாரகை விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை இடைமறிக்கவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து போட்டாள்.

"ஆறு வருசமா மனு எழுதறேன் அம்மணி. அந்த நாப்பத்தோரு நாள்ல என்னைய உள்ள விட்டது நாலே தடவை. சோதனை நடக்குது, கிட்டப் போகக் கூடாதுன்னாங்க. போனதுக்கப்பறம், அந்தப் பதிவ ஒருக்கா காட்டுங்க சாமின்னு கெஞ்சுனேன். சட்டப்படி அழிச்சாச்சுன்னு பதில். இந்தா, இதுலயும் அதே பதில். இதுலயும்."

"அழிக்கலீங்க. என்றகிட்ட இருக்குது. என்னாட்டம் நானூத்துச் சொச்சம் பேருகிட்ட இருக்குது."

கோகிலவாணியின் கை தாரகையின் காதை நோக்கி எழுந்தது. பாதி வழியில், தொடலாமோ கூடாதோ என்பது போல் இறங்கிவிட்டது.

"நல்லபடியாத்தான் போனாரு," என்றாள். "கடைசி நாள் நான் வாசல்ல நின்னேன். முழிச்சிருக்காரான்னு கேட்டேன், தூங்கறாருன்னாங்க. தூக்கத்துலயே போயிட்டாரு. வேற எதுல கொறை வெச்சாலும் அந்த ஒண்ணுல ஆண்டவன் கொறை வெக்கல. ஆனா அதுக்கு முன்னால எதாச்சும் பேசியிருப்பாரில்ல? எம் பேரச் சொல்லியிருப்பாரில்ல? அத மட்டும் பாத்துச் சொல்லு கண்ணு. அப்பறம் நீ அழிச்சுக்க. உன்ற புள்ளைய விட எம் புருசன் ஒசத்தி இல்ல."

அதைக் கேட்டதும் தாரகைக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. நேற்றே கட்டை விரலை வைத்திருந்தால் இந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்க்க நேர்ந்திருக்காது.

புதன்கிழமை காலை ஜூன் ஐந்தும் போயிற்று. மையத்தில் கிரிதரன் அவளுக்காகக் காத்திருந்த மாதிரி கதவருகிலேயே நின்றான்.

"நீங்க லிஸ்ட் கேட்டது மேல தெரிஞ்சு போச்சுங்க்கா. வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்துல முகாம் போடறாங்க. எல்லாத்துக்கும் இலவசமாச் சுத்தம் பண்ணி எடம் குடுக்கறாங்க. மதியச் சாப்பாடும் உண்டு."

"வடை பாயாசத்தோடங்களா?"

அவன் வழிவிட, தாரகை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடைசி நாளத் தொறங்க தம்பி."

"வேற நாள் பாருங்க்கா. பத்தாவது நாள் நல்லாப் பேசிக்கிட்டிருப்பாரு. கடைசி நாள் வேண்டாங்க."

"தொறங்க."

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

முதலில் வந்தது சத்தம். ஒரு கரண்டி கீழே விழுந்த சத்தம். அது ஓயவில்லை, மறுபடி மறுபடி விழுந்துகொண்டே இருந்தது. அதன் மேல் யாரோ இருமிய சத்தம், அதுவும் நிற்கவில்லை. செங்கோட்டுவேலின் சில்லு, வாங்கிய எதையும் விடாமல் அவருக்கே திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. மண்டைக்குள் ஆயிரம் தறி. எதிரே வெள்ளைச் சுவர், பாதி திறந்த கதவு. "எடுத்துருங்க," என்று தன் வாய் சொல்வதைக் கேட்டாள். ஆண் குரல், காற்றாகத்தான் வந்தது. "எடுத்துருங்க சாமி." யாரும் வரவில்லை. மறுபடி சொன்னது. அவள் எண்ணினாள், பதினோரு தடவை.

பிறகு கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல். "தம்பி, முழிச்சிருக்காருங்களா?"

உடம்பு முழுவதும் அந்தக் குரலை நோக்கித் திரும்ப முயன்றது. கோகிலா. நான் தூங்கல கோகிலா. வாய் அசைந்தது, குரல் எழும்பவில்லை.

வெளியே ஓர் இளைஞனின் குரல் சொன்னது: "தூங்கறாருங்கம்மா. தொந்தரவு பண்ண வேண்டாங்க."

செருப்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. கதவு சாத்திக்கொண்டது.

தாரகை கண்ணைத் திறந்தாள். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்திருந்தாள். எதிரே கிரிதரன் தலையைக் குனிந்து நின்றிருந்தான்.

"அது உன்ற கொரலு," என்றாள்.

மரியாதை போய்விட்டது. கிடங்கில் பதினோரு வருடத்தில் யாரும் கேட்டிராத குரல் அது.

"ஆமாங்க்கா. இருவத்தஞ்சு வயசுங்க எனக்கு. வேலைக்குச் சேந்து ரெண்டு மாசம். சோதனை தோத்துப் போச்சுன்னு வெளிய தெரிஞ்சா திட்டம் போயிரும், கெடு முடியற வரைக்கும் எப்பிடியாச்சும் ஓட்டுன்னாங்க. தூங்கறாருன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன்."

"அப்பறம்?"

"போனதுக்கப்பறம் பதிவ அழிக்கச் சொன்னாங்க. அழிச்சுட்டேன்னு எழுதிக் குடுத்தேன். அழிக்கலீங்க. காப்பி எடுக்கற வேலையும் எனக்குத்தான் வந்துச்சு. ஒரு எடத்துல வெச்சா என்னைக்காச்சும் கண்டுபிடிச்சு அழிச்சிருவாங்க. அதான் அடிப்படைன்னு பேரப் போட்டு..."

"மறந்து வெச்சது இல்ல."

"இல்லீங்க்கா. யாராச்சும் ஒருத்தரு, எடமெல்லாம் எங்க போச்சுன்னு லிஸ்ட் கேப்பாங்கன்னு இருந்தேன். எல்லாரும் பெரிய சில்லு மாத்தீட்டுப் போறாங்க, இல்லைன்னா நாளத் தொலைச்சுட்டுப் போறாங்க. ஆறு வருசத்துல நீங்கதான் மொதல்ல கேட்டீங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கத் தாரகைக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அழுகிறானாம். ஊர் முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு வீட்டில் கல்யாண நாளும் பேறுகாலமும் அப்பன் சாவும் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருக்க, இவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்திருக்கிறான்.

"வாயத் தொறந்து அந்தம்மாகிட்டச் சொல்றதுக்கு என்னடா?"

"பயங்க்கா."

"உன்ற பயத்தப் போட்டு வெக்க எங்க தலைதான் கெடச்சுதா? உன்ற தலை சும்மாதான இருந்துச்சு? எம் புள்ள என்ன ரிப்பன் கட்டியிருந்தான்னு கேக்கறா. பொய் சொல்லீட்டு வந்திருக்கேன்டா நானு."

தாரகை எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"இத வெளிய காப்பி எடுத்து அந்தம்மாகிட்டக் குடுத்துட்டு, எனக்கு எடத்தக் குடு."

"வெளிய எடுத்தா முத்திரை உடைஞ்சிருங்க்கா. நாங்களே ஜோடிச்சோம்பாங்க. தலைக்குள்ள இருக்கறதுதான் கோர்ட்டுல நிக்கும். வெள்ளிக்கிழமைக்கு அப்பறம் உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கும்."

"கேசு எத்தனை நாளாகும்?"

"குறைஞ்சது ஒரு வருசங்க."

ஒரு வருடம் என்றால் ஜூனிலிருந்து ஜூன். எல்.கே.ஜி. முழுவதும் போகும். முதல் ஆண்டு விழா போகும், தானே முதன்முதலாகச் சட்டைப் பொத்தான் போட்டது போகும், 'அம்மா' என்று கோணலாக எழுதிக் காட்டிய நாள் போகும். தாரகை கண்ணாடித் தட்டைப் பார்த்தாள். அரை மணி நேர வேலை. அந்தம்மாவே அழித்துக்கொள் என்று சொல்லியாயிற்று. கேட்டால், உங்கள் பேரைச் சொன்னார், நிம்மதியாகத் தூங்கினார் என்று சொல்லிவிடலாம். பாதி உண்மைதான்.

ஆனால் அதே பொய்யை ஏற்கெனவே ஒருவன் அதே பெண்ணிடம் சொல்லியிருக்கிறான். அவன் எதிரில்தான் நிற்கிறான், ஆறு வருடத்தில் என்ன ஆகியிருக்கிறான் என்று பார்க்கச் சகிக்கவில்லை.

தட்டை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"கேசு முடியற வரைக்கும் அவரு இங்கயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மண்டபத்து வாசல்ல நான் நிப்பேன். உள்ள இருக்கறவர வெளிய அனுப்பறதுக்கு முன்னால அவரு என்ன சொல்றாருன்னு ஒருக்கா கேட்டுட்டு அனுப்புங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன். கேக்கறவங்க கேக்கட்டும். இப்பக் கெளம்பு."

"எங்கீங்க்கா?"

"சரக்கு வெச்சவன் நீ. சரக்குக்காரிகிட்ட நீதான் சொல்லோணும்."

சங்ககிரியில் இறங்கும்போது உச்சி வெயில். சாப்பாட்டு நேரம் என்பதால் தறிகள் நின்றிருந்தன. கோகிலவாணி இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். ஒன்றைத் தாரகையிடம் கொடுத்தாள். மற்றதைக் கிரிதரனிடம் நீட்டும்போது அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இந்தத் தம்பியப் பாத்திருக்கேனே. ஆஸ்பத்திரில கதவுகிட்ட இருந்த தம்பிதான? நல்லா இருக்கீங்களா சாமி? அன்னிக்கு அவ்வளவு தன்மையாச் சொன்னீங்க. மத்தவங்க எல்லாம் வெரட்டுனப்ப நீங்க ஒருத்தர்தான் அம்மான்னு கூப்புட்டீங்க. நான் மறக்கல."

கிரிதரன் கையில் வாங்கிய மோரைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. தாரகையைத் திரும்பிப் பார்த்தான். தாரகை சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து, கோகிலவாணிக்கு நேர் எதிரே போட்டாள்.

"கொஞ்சம் இப்பிடி உக்காருங்களேன் தம்பி," என்றாள்.

அவன் உட்கார்ந்தான். டம்ளரைக் கீழே வைக்கப் போனதில் மோர் கையில் சிந்தியது. கோகிலவாணி துடைக்கத் துணி எடுக்கப் போனவள், அவன் பேசத் தொடங்கியதும் நின்றுவிட்டாள்.

"அம்மா, அவரு அன்னிக்குத் தூங்கலீங்க."